பழகிய தோள்

கோட்டைக் கழற்றச் சொல்லியாகிவிட்டது. பக்கத்தில் எல்லோரும் கழற்றிவிட்டார்கள். நான் மட்டும் கழுத்துப் பித்தானோடு மல்லுக்கட்டுவதுபோல நிற்கிறேன். பித்தான் எப்போதோ கழன்றுவிட்டது, விரல்தான் அதை விடமாட்டேன் என்கிறது. நாயக் இன்னாசிக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று ஹவில்தார் யாரிடமோ கேட்பதுபோல் கேட்கிறார். சட்டென்று கழற்றி, உள்பக்கம் உள்ளேயே இருக்கும்படி மடித்து, இடது முழங்கையில் போட்டுக்கொள்கிறேன். அதன் உள்பக்கம் யார் கண்ணிலும் படக் கூடாது. வலது தோள் வருகிற இடத்தில், உள்துணிக்கு அடியில், ஒரு கை அகலத்துக்கு இலவம்பஞ்சு இருக்கிறது. என் மனைவி ஞானப்பூ தைத்தது. நெருக்கமான தையல், தடவினால்கூடத் தெரியாது. ஆனாலும் எனக்கு அது கோட்டுக்குள் ஒரு பூனையைச் சுருட்டி வைத்திருப்பதுபோல இருக்கிறது, எப்போது கத்துமோ என்று. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சாராய நெடியும் கற்பூர நெடியும் வருகின்றன. வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் திருச்சினாப்பள்ளி வெயிலுக்கு ஏறவேண்டிய அவசியமே இல்லை, அது இரவெல்லாம் தரையில் படுத்திருந்து காலையில் எழுந்து உட்காருகிறது. டாக்டர் துரை வரிசையின் அந்தக் கோடியில் ஒருவன் தோளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் கேப்டன் துரை, கேப்டனுக்குப் பக்கத்தில் சுபேதார் ராமானுஜலு நாயுடு. ஒவ்வொரு ஆளாக வருகிறார்கள். எனக்கு முன்னால் பெருமாள்சாமி. அவன் தோளைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். பார்த்துவிட்டேன். கழுத்தெலும்பிலிருந்து கை தொடங்குகிற இடம்வரை பழுத்து நசுங்கிய நாவல்பழம்போல இருக்கிறது, ஓரங்களில் பச்சையும் மஞ்சளும். என் தோள் சுத்தமாக இருக்கிறது. குளித்துவிட்டுப் பூசைக்குப் போகிறவன் தோள்மாதிரி. இந்த வரிசையில் அப்படி ஒரு தோள் இருப்பது, பட்டினி கிடக்கிறவர்கள் நடுவில் ஏப்பம் விடுவதுபோல இருக்கிறது.

இது துப்பாக்கிக்கு நடக்கிற பரீட்சை, எங்களுக்கு இல்லை என்றுதான் முதல் நாள் கேப்டன் சொன்னார். சீமையிலிருந்து புதிதாக வந்தவர், இளம் வயது, கழுத்தெல்லாம் வெயிலில் தோல் உரிந்திருக்கிறது. பெயர் ஹாலோவே. ஒரு மரப்பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியைப் பிரித்து, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அதை எடுத்துக் காட்டினார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அதுவும் ஒரு வெட்கந்தான், ஆனால் பிடித்துவிட்டது. நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது இருந்தது வேறு துப்பாக்கி, குழலை நிமிர்த்தி வைத்து, காகிதத்தைப் பல்லால் கிழித்து, வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலை விட்டு இடித்து, அதற்குள் எதிரி வந்து முகத்தில் காறி உமிழ்ந்துவிட்டுப் போகலாம். பிறகு அதே துப்பாக்கியின் பின்புறத்தை அறுத்து ஒரு மூடி வைத்துக் கொடுத்தார்கள், வெற்றிலைப் பெட்டி மூடிபோலப் பக்கவாட்டில் திறக்கும், தோட்டாவை வைத்து மூடவேண்டும். பழைய சட்டைக்குப் போட்ட ஒட்டுத்துணிதான் அது என்று சீமையிலேயே தெரிந்திருக்கிறது, அதனால் போட்டி வைத்தார்களாம், பலபேர் பலவிதமாகச் செய்து கொண்டுவந்தார்களாம், கடைசியில் ஒருவர் செய்த பூட்டையும் இன்னொருவர் செய்த குழலையும் சேர்த்து இதைக் கட்டினார்களாம். மண்ணை வாரிக் கொட்டிச் சுட்டுப் பார்த்தார்களாம், மழையில் நனையவிட்டுத் துருவோடு சுட்டுப் பார்த்தார்களாம். கேப்டன் சொல்லச் சொல்லச் சுபேதார் தமிழில் சொன்னார். விசைக்கு அடியில் ஒரு நீளமான வளையம் இருக்கிறது, அதைக் கீழே தள்ளினால் உள்ளே கட்டை இறங்கி வழி விடுகிறது, தோட்டாவை வைத்து மேலே இழுத்தால் அடைத்துக்கொள்கிறது. சுத்தியல் இல்லை, கோல் இல்லை. பாதி ஜெபம் சொல்லுகிற நேரத்தில் இன்னொரு முறை சுடலாம். பனங்கட்டை ஒன்றை நிறுத்திச் சுட்டுக் காட்டினார், குண்டு அதைத் துளைத்துப் பின்னால் மண்ணில் புதைந்தது. நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் ஓட்டையில் விரலைவிட்டுப் பார்த்தோம். பெருமாள்சாமி மட்டும் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, இங்கேதானே ஒரு ஆள் இருப்பான் என்றான். எனக்கு அந்த நேரத்தில் அந்த ஆளைப்பற்றி ஒன்றும் தோன்றவில்லை, சுட்டுப் பார்க்கவேண்டும் என்று கை பரபரத்தது.

பிறகு சுட்டேன். பழைய துப்பாக்கி உதைக்கும், ஆனால் அது கன்றுக்குட்டி தலையால் முட்டுவதுபோல. இது கோடாலியின் மறுபக்கத்தால் ஒரே போடு. முதல் வெடியில் பற்கள் ஒன்றோடொன்று மோதின. நாலைந்து வெடிக்குப் பிறகு குழலுக்குள் கரி சேரச்சேர உதை இன்னும் வலுத்தது, இந்த வறண்ட வெயிலில் அந்தக் கரி கல்லாக இறுகிவிடுகிறது. சுடு, சுடு என்று ஹவில்தார் சொல்லிக்கொண்டே இருந்தார். மூக்கில் ரத்தம் வந்தது, மீசையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றமுடியாமல் நின்றேன், ஞானப்பூதான் கழற்றினாள். பிள்ளைகளில் சின்னது அழுதது, பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, வலிக்கிறது என்று துரையிடம் சொன்னால் என்ன என்று ஞானப்பூ கேட்டாள். சொன்னால் நம்மையெல்லாம் பொம்பளைகள் என்று எழுதிவிடுவார்கள் என்றேன். அவள் ஒத்தடத் துணியைப் பிழிந்தாள். இந்த வீட்டில் யார் எத்தனை முறை வலி பட்டார்கள், யார் வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார்கள் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் சொன்னதுபோல இருந்தது. நான்தான் பஞ்சைக் கேட்டேன். அதை அவள் யோசனை என்று நினைத்துக்கொள்ள எத்தனையோ முறை பார்த்தேன், ஒரு நாள் கிட்டத்தட்ட நம்பியும்விட்டேன். இல்லை. நான்தான் சின்னதின் தலையணையைக் கையில் எடுத்து, இதிலிருந்து கொஞ்சம் என்றேன். அவள் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, "இது யாரை ஏமாத்தறதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். துப்பாக்கியை என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

டாக்டர் அடுத்த ஆளிடம் வந்துவிட்டார். அவன் ஷேக் மதார், பெரிய உடம்பு, அவனுக்கே தோளில் உள்ளங்கை அளவு கருப்பு. வலி இல்லை என்கிறான். எல்லோரும் அதைத்தான் சொல்லவேண்டும். சுபேதார் முந்தாநாள் எங்களை வேப்பமரத்தடியில் கூட்டி வைத்துச் சொல்லியிருக்கிறார். சத்தம் போட்டு ஒன்றும் சொல்லவில்லை, அவர் எப்போதும் சத்தம் போடுகிறவர் இல்லை. தெற்கத்தி ஆட்கள் குட்டை, மெலிசு, இவர்களை வைத்துக்கொண்டு இனிமேல் சண்டை செய்யமுடியாது, வடக்கே உயரமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று மேலே ஒரு பேச்சு நடக்கிறதாம். இரண்டு பட்டாளத்தைக் கலைத்துவிடுவதாகக் காற்றுவாக்கில் வந்திருக்கிறதாம். இந்தப் புதுத் துப்பாக்கியைத் தாங்கமாட்டார்கள் என்று ஒரு வரி போனால் போதும், நம் பட்டாளம் அதில் மூன்றாவதாகிவிடும். உங்கள் அப்பன் இதில் இருந்தான், உங்கள் பிள்ளை இதில் சேரவேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் அப்பாவும் இதில்தான் இருந்தார், பர்மாவில் செத்தார். அவர் பேசும்போது மை தீட்டிய மீசைக்குக் கீழே உதடு நடுங்கியது. அவரைக் கெட்டவர் என்று சொல்லமுடிந்தால் எனக்கு இப்போது எவ்வளவு சுலபமாக இருக்கும். சொல்லமுடியவில்லை. அதே பயந்தான் எனக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. பஞ்சை நான் வைத்தது சுபேதார் பேசுவதற்கு முன்னால். பட்டாளத்துக்காக வைக்கவில்லை. எனக்கு வலித்தது, மறுநாளும் வலிக்கும் என்று பயமாக இருந்தது, பயப்படுகிறேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான். அவர் பேச்சு பிறகு வந்து அதற்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிட்டது.

என் தோளைப் பார்த்து டாக்டருக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது. அதுதான் நான் எதிர்பார்க்காதது. முதல் நாள் அடிபட்ட என் தோள் கன்றிப்போய், பிறகு மஞ்சளாகி, நாங்கள் தினமும் சுட்டுக்கொண்டிருக்கும்போதே தெளிந்துவிட்டது. டாக்டர் ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்த்தார், தலையை ஆட்டினார், அது முழுக்கத் தெளிந்த காலையில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. கேப்டனிடம் இங்கிலீஷில் சொன்னார்: பழகிவிடுகிறது, பார்த்தீர்களா, நல்ல தோளாக இருந்தால் இந்த உதைக்குப் பழகிவிடுகிறது. எனக்கு இங்கிலீஷ் புரியும் என்பது அவருக்குத் தெரியாது. துரைமார் யாருக்கும் தெரியாது. எங்கள் அப்பா ஒரு கர்னல் வீட்டுக் குசினியில் சமைத்தவர், நான் அந்தக் குசினித் தரையில் தவழ்ந்து வளர்ந்தவன், சாப்பாட்டு மேசையிலிருந்து விழுகிற ரொட்டித்துண்டோடு அந்தப் பேச்சும் விழுந்தது, பொறுக்கிக்கொண்டேன். பட்டாளத்தில் சேர்ந்த அன்றைக்கு அதை மறைத்தேன், குசினிக்காரன் மகன் என்று தெரிந்துவிடும் என்று. பெருமாள்சாமிக்கு மட்டுந்தான் தெரியும், பர்மாவில் ஒருமுறை அவன் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர்கள் அவனைப்பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டு, பயப்படாதே, பிழைத்துவிடுவாய் என்று சொல்லுகிறார்கள் என்று சொன்னேன். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பிழைத்துவிட்டான், அதிலிருந்து என் இங்கிலீஷ்மேல் அவனுக்குப் பெரிய நம்பிக்கை. பழகிவிடுகிறது. அந்தச் சொல் இத்தனை நாளாக என் காதுக்குள் குளவிபோலச் சுற்றுகிறது. ஒரு தோள் பழகிவிட்டது என்றால் பழகாத தோள்களெல்லாம் என்ன? என் தோள் ஏன் தெளிந்தது என்று டாக்டர் கேட்கவில்லை, மற்றவர்கள் தோள் ஏன் தெளியவில்லை என்றுதான் கேட்கத் தொடங்கினார்.

கேப்டனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். நேற்றுச் சுடுகிற மைதானத்தில், நிழலில் நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் டாக்டரிடம் பேசியது எனக்குக் கேட்டது. சீமையில் இதைச் சோதித்தது குளிரில், தடித்த கம்பளிக் கோட்டுப் போட்ட தடித்த ஆட்களின் தோளில். அங்கேயே உதைக்கிறது என்று முணுமுணுப்பு இருந்தது. இங்கே இந்த மெல்லிய துணியில், இந்தக் கரி இறுகுகிற காற்றில் எப்படி என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு வரத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். தாங்கமுடியவில்லை என்று இவர்கள் வாயால் வந்தால், தோட்டாவில் மருந்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், குட்டைக் கைகளுக்குத் தோளில் வைக்கிற பின்கட்டையைக் குட்டையாகச் செய்யச் சொல்லலாம், அதன் இரும்பைத் தோல்போட்டு மூடலாம், துப்பாக்கி இன்னும் முடிந்துபோன பொருள் இல்லை, செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். பிறகு சுபேதாரைக் கூப்பிட்டு எங்களிடம் சொல்லச் சொன்னார்: எனக்கு உண்மை வேண்டும், உண்மை சொல்லுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. சுபேதார் எங்கள் பக்கம் திரும்பி, துரை உங்கள் தைரியத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்றார். நான் தண்ணீரை விழுங்கிக்கொண்டிருந்தேன். சுபேதாரைத் தவிர இரண்டும் புரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். பிறகு என் முறை வந்தது, போய்ப் படுத்துச் சுட்டேன், பஞ்சு வாங்கிக்கொண்டது, ஆறில் ஐந்து பலகையில் பட்டது. கைதட்டினார்கள். பெருமாள்சாமி சுட்டான். ஆறில் ஒன்று.

அந்த ஒன்றைப்பற்றி நினைக்கக் கூடாது. பழைய துப்பாக்கியில் எங்கள் கம்பெனியிலேயே குறி தவறாத ஆள் அவன். குட்டையான ஆள், கை குட்டை, பர்மாவில் எல்லோரும் இலை அசைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, இலை இல்லை, முழங்கை என்று சொல்லிச் சுட்டவன். துப்பாக்கியோடு பேசுவான், இரு இரு அவசரப்படாதே என்பான். இந்தப் புதியதின் பின்கட்டை அவனுக்கு நீளம், தோள்குழியில் உட்காராமல் எலும்பில் உட்காருகிறது. அவன் குறி பார்க்கும்போது நான் பக்கத்தில் படுத்திருந்தேன். விசையை இழுப்பதற்கு முன்னாலேயே அவன் கண் மூடிக்கொண்டது. அவன் முகத்தில் அதைப் பார்த்தபோது, யாருடைய மனைவியோ துணி மாற்றுகிற அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் இப்போது அவனிடம் நிற்கிறார். கட்டைவிரல் கருப்புக்குள் இறங்குகிறது. பெருமாள்சாமி சத்தம் போடவில்லை, மூச்சை மட்டும் மூக்கால் இழுக்கிறான், வயிறு உள்ளே போகிறது. கேப்டன் குனிந்து பார்க்கிறார், வலிக்கிறதா, சுடும்போது என்ன ஆகிறது என்று கேட்கச் சொல்கிறார். சுபேதார் கேட்கிறார். கேட்கும்போதே அவர் கண் பதிலைச் சொல்லிக்கொடுக்கிறது. பெருமாள்சாமி அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை, நேராகக் கேப்டனைப் பார்க்கிறான்.

"வலிக்குதுங்க துரை. அதுகூடப் பரவால்ல. சுடறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்குது. நான் மூடல, அதுவா மூடிக்குது. கண்ண மூடிக்கிட்டு எப்படிங்க சுடறது?"

வரிசையில் ஒரு அசைவு. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். சுபேதார் இங்கிலீஷில், இந்த ஆள் எப்போதுமே குறை சொல்லுகிறவன் துரை, இப்போது கண்ணில் ஏதோ கோளாறு என்கிறான் என்று சொல்கிறார். டாக்டர் சிரிக்கிறார். அவர் கேப்டனிடம் சொல்வது ஒவ்வொரு சொல்லாக என்மேல் விழுகிறது: இது உதையால் வந்த காயமே இல்லை என்று நினைக்கிறேன், பட்டாளத்தைவிட்டு ஓடப்பார்க்கிறவர்கள் தாங்களே எதிலாவது மோதிக்கொள்வார்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இல்லாவிட்டால் இவனுக்குப் பக்கத்தில் இருக்கிறவனைப் பாருங்கள், அதே துப்பாக்கி, அதே மருந்து, அதே சோறு, தோள் எப்படி இருக்கிறது. எல்லோரும் என் தோளைப் பார்க்கிறார்கள். கேப்டனும் பார்க்கிறார். டாக்டர் பக்கத்தில் நிற்கிற எழுத்தரிடம், பாசாங்குக்காரன், பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார். கேப்டன் கையை உயர்த்தி நிறுத்துகிறார். கொஞ்சம் பொறுங்கள், இந்த நாயக் என்ன சொல்லுகிறான் என்று கேட்டுவிட்டு எழுதலாம் என்கிறார். பெருமாள்சாமிக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. தன்னைப்பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிகிறது, என்னைத் திரும்பிப் பார்க்கிறான், என்ன சொல்லுகிறார்கள் என்று புருவத்தால் கேட்கிறான். லாயக்கில்லை என்றால் பட்டாள லைனிலிருக்கிற வீடு போகும். எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் மனைவி அம்மியில் அரைத்தால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். மூன்று பிள்ளைகளோடு மூட்டை கட்டிக்கொண்டு அவள் எங்கள் வாசலைக் கடந்துதான் போகவேண்டும், ஞானப்பூ கதவருகே நிற்பாள், என்னைப் பார்க்கமாட்டாள்.

டாக்டரின் கட்டைவிரல் என் தோளில். குளிர்ந்த விரல். அழுத்துகிறது, ஒன்றுமே இல்லை, சும்மா ஒரு விரல். எனக்கு அழுகை வருகிறது, வலிக்காததற்காக. வலித்திருக்கக் கூடாதா? கேப்டன் என் முன்னால் வந்து நிற்கிறார், அவர் கண் வெளிறிய நீலம், தூங்காத கண். உனக்கு வலிக்கவில்லையா, உண்மையாகச் சொல் என்கிறார். சுபேதார், வலியில்லைதானே நாயக் என்கிறார். கோட்டு முழங்கையில் கனக்கிறது. சொல்லிவிடு இன்னாசி. சொன்னால் நாயக் பட்டை போகும். போகட்டும். எல்லோரும் சிரிப்பார்கள், தலையணைப் பஞ்சு வைத்துக்கொண்ட நாயக் என்று சாகிறவரைக்கும் சொல்லுவார்கள், என் பிள்ளைகளைச் சொல்லுவார்கள். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மரக்கூண்டு இருக்கிறது, நடுவில் துணி தொங்குகிறது, இங்கே ஒன்றும் இல்லை, வெயில்தான். பெருமாள்சாமியின் மூச்சு கேட்கிறது. அவன் இன்னும் மூக்கால்தான் மூச்சுவிடுகிறான். அந்தச் சத்தம் நின்றால் நான் பேசாமல் இருந்துவிடுவேன், நிற்கவில்லை, பேசிவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"சுபேதார் ஐயா, துரைகிட்ட சொல்லுங்க. என் தோள் பழகல. கோட்டுக்குள்ள பஞ்சு வெச்சுத் தச்சிருக்கேன், ரெண்டாம் நாள்லேர்ந்து. பெருமாள்சாமி சொல்றதுதான் நெசம்."

சொல்லியாகிவிட்டது. வரிசை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. தலைக்குள் ஒரு கதவு திறந்து காற்று வந்ததுபோல, ஒரு நொடி, ஒரு நொடிதான், எவ்வளவு லேசாக இருந்தது. சுபேதார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கிணற்று ஓரத்துக்குப் போய்விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கேப்டன் பக்கம் திரும்பி, குரல் கொஞ்சமும் மாறாமல் இங்கிலீஷில் சொன்னார்: முதல் நாள் கொஞ்சம் வலித்ததாம் துரை, பிறகு தோள் பழகிவிட்டதாம், இந்தப் பட்டாளத்தில் யாருக்கும் இது ஒரு பாரமில்லை என்கிறான். கேப்டன் நெற்றியைச் சுருக்கினார். இவ்வளவு நேரம் பேசினானே, இவ்வளவுதான் சொன்னானா என்றார். மரியாதைச் சொற்கள் அதிகம் துரை என்றார் சுபேதார்.

கேப்டன் அவரை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார், இங்கிலீஷில், என்னிடமே, எனக்குப் புரியும் என்று தெரிந்ததுபோல. இல்லை, அவருக்குத் தெரியாது, மனிதன் மனிதனைப் பார்த்துக் கேட்கிற மாதிரி கேட்டார், முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்ளலாம் என்று. என்னிடம் சொற்கள் இருந்தன. இல்லை என்பதற்கு ஒரு சொல் போதும், அது குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாக்கில் முதலில் வந்து நின்றது மாஸ்டர் என்ற சொல், அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குனிந்து சொல்லுகிற மாஸ்டர், சூப் தயார் என்று சொல்லுவாரே அந்தக் குரலில். அந்தக் குரலில் நான் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் பேசவேண்டும், அரை நிர்வாணமாக நின்றுகொண்டு. அது ஒரு காரணம். இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. சுபேதார் மாற்றிச் சொன்ன அந்த நொடியில் எனக்குக் கோபம் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு இளக்கம் பரவியது, காய்ச்சல் விட்டதுபோல வியர்த்தது. தப்பித்தேன். நான் சொல்லிவிட்டேன், ஆனாலும் தப்பித்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டது. கேப்டன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்று. தலை தானாக ஆடியது என்று சொல்லமாட்டேன். நான்தான் ஆட்டினேன்.

அவர் பார்வை என் தோளுக்குப் போய்ச் சற்று நேரம் அங்கே நின்றது. பரிதாபம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பென்சிலை எடுத்து எழுதினார். டாக்டர் என் முதுகில் தட்டிவிட்டு எழுத்தரிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எழுதச் சொன்னார். அடுத்த ஆளுக்குப் போனார்கள். எழுத்தரின் பேனா பெருமாள்சாமியின் பெயருக்கு எதிரில் ஓடுவதை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான், அது என்ன என்று அவனுக்குத் தெரியாது. கோட்டை மாட்டிக்கொள்ள உத்தரவு வந்தது. அவனால் வலது கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, நான் கோட்டைப் பிடித்துக்கொண்டேன், கையை மெதுவாக நுழைத்தான். பித்தானைப் போட்டுவிட்டேன். அவன் முகம் என் முகத்துக்கு அருகில். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, வலியால் என்று நினைத்தேன்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே இன்னாசி," என்றான் மெதுவாக. "துரை கோபப்படக்கூட இல்ல. என்ன சொன்னார்?"

நான் கடைசிப் பித்தானைப் போட்டேன். அது ஏற்கெனவே போட்டிருந்தது, கழற்றி மறுபடி போட்டேன். சுபேதார் மாற்றிவிட்டார் என்று சொன்னால், நீ ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பான். கேட்கமாட்டான், பார்ப்பான். அந்தப் பார்வையை நினைத்ததும் வாய் முந்திக்கொண்டது.

"எழுதிக்கிட்டார்," என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. அந்தக் கருத்துப்போன தோளோடு, அந்த வளையாத கையோடு, நேற்று முழுக்க நான் பார்க்காத சிரிப்பு. அப்படியானால் தோட்டாவில் மருந்தைக் குறைப்பார்களாயிருக்கும், பின்கட்டையை வெட்டிக் குட்டையாக்குவார்களாயிருக்கும், பிறகு பார் நான் எப்படிச் சுடுகிறேன் என்றான். பிறகு திரும்பி ஷேக் மதாரிடம் சொன்னான். மதார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்தவனிடம் குனிந்தான். எழுதிக்கொண்டாராம், துரை எழுதிக்கொண்டாராம். வாயிலிருந்து வாய்க்கு அது நகர்ந்துபோவது எனக்குக் கேட்டது, ஒவ்வொரு தோளாக நிமிர்ந்தது. ஹவில்தார் வரிசையை நேராக்கச் சொன்னார். கோடியில் நின்ற ஆள், அவனோடு நான் அதிகம் பேசியதுகூட இல்லை, தலையை நீட்டி என்னைத் தேடினான். கண்டுபிடித்ததும் நெஞ்சில் கையை வைத்து மரியாதையாகச் சிரித்தான். நானும் சிரித்தேன்.